மன்னாரில் வளர்ந்த கண்டி இளவரசி: தோனா கத்தரீனாவின் வழிமுறையைத் தேடி

மன்னார்க் கோட்டையைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் மூன்று வருடங்களைச் சொல்வார்கள். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பாடப்புத்தகத்துக்கு அது போதும். ஆனால் போர்த்துக்கேயர் காலத்தில் இந்த மன்னாரில் ஏறத்தாழப் பன்னிரண்டு வருடம் கண்டி அரச குடும்பத்துப் பெண்குழந்தை ஒன்று வளர்ந்தது. கண்டி அரியணை இரண்டு தடவை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தவருக்கே கிடைத்தது. போர்த்துக்கேயரை இந்த நாட்டை விட்டே துரத்திய இரண்டாம் இராஜசிங்கன் அவளுடைய பிள்ளையாகத்தான் அரசாண்டான். தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாகப் பட்டினத்துக்குப் போய்வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சிங்கள மரபில் அவள் பெயர் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் தோனா கத்தரீனா. அவளுடைய வழிமுறையைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. 'சிங்கள ராணியின் பரம்பரை நமக்கு என்னத்துக்கு?' என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. அவளுடைய குடும்பத்தின் கதைக்குள் நம் முன்னோரின் கதையில் ஒரு முக்கியமான பக்கம் கிடக்கிறது. அதோடு, வழிமுறை தேடுகிறவர்கள் எதைத் தவற விடுகிறார்கள் என்பதற்கு அவளைப் போல் நல்ல பாடம் வேறில்லை.

தந்தை வழி

கண்டி அரசு கோட்டே அரசின் பிடியிலிருந்து விலகித் தனித்து நிற்கத் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு அடி போட்டவன் சேனாசம்மத விக்கிரமபாகு. 1511 வரை ஆண்ட இவன் தன்னைப் பழைய கம்பளை அரசர் வழியோடு தொடர்புபடுத்திக்கொண்டவன். இவனுடைய மகன் ஜயவீர பண்டார. ஜயவீரனின் மகன் கரலியத்தே பண்டார. கரலியத்தேயின் மகள்தான் நம் குசுமாசன தேவி. அப்பா, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையும் அரசர்கள்.

இந்த மூன்று பேருமே பெரிய அயலவர்களுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தவர்கள். ஒரு பக்கம் கோட்டே, இன்னொரு பக்கம் நாளுக்கு நாள் வளர்ந்துவந்த சீதாவக்கை. கடலோரம் முழுக்கப் போர்த்துக்கேயர். ஜயவீரன் போர்த்துக்கேயப் படையின் உதவி வேண்டி 1546இல் இரகசியமாக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். அவனுடைய மகள் ஒருத்தி கோட்டே அரசன் தர்மபாலனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். தன் தங்கையின் கணவன் நாளைக்குக் கண்டிக்கே உரிமை கேட்பானோ என்ற பயத்தில் கரலியத்தே தகப்பனுக்கு எதிராக எழுந்து அரியணையைப் பிடித்தான் என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஆக, ஒரு பெண்ணின் கலியாணத்தால் அரசு கைமாறிவிடும் என்கிற பயம் குசுமாசன தேவி பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. தர்மபாலனே தாய்வழியால் அரசனானவன். ஏழாம் புவனேகபாகுவுக்கு அரசிக்குப் பிறந்த ஆண்வாரிசு இல்லை. மகள் சமுத்திராதேவியின் மகன்தான் தர்மபாலன். பேரனுக்கு முடி கிடைக்க வேண்டும் என்று புவனேகபாகு அவனுடைய உருவத்தைப் பொன்னில் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜோவான் அந்தப் பொற்பாவைக்கு முடிசூட்டினான். 1580இல் அதே தர்மபாலன் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். வழிமுறை என்பது காணி உறுதி மாதிரிக் கைமாறிய காலம் அது.

மன்னாருக்கு வந்த வழி

1582ஆம் ஆண்டளவில் சீதாவக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் கண்டி மேல் படையெடுத்தான். (இவன் வேறு, பின்னால் வரும் இரண்டாம் இராஜசிங்கன் வேறு, இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கண்டிப் பிரதானிகளில் ஒருவனான பேராதனை வீரசுந்தர பண்டார சீதாவக்கையின் பக்கம் சாய்ந்தான். கரலியத்தே குடும்பத்தோடு திருகோணமலைக்கு ஓடினான். அங்கே அம்மைநோய் கண்டது. அரசனும் அரசியும் மாண்டுபோனார்கள். மிஞ்சியது குழந்தை குசுமாசன தேவியும், அரசனின் உடன்பிறப்பின் மகனான யாமசிங்க பண்டாரவும். இரண்டு பேரையும் பொறுப்பேற்ற போர்த்துக்கேயர் கொண்டுவந்து சேர்த்த இடம் மன்னார்.

ஏன் மன்னார்? அன்றைய மன்னாரை நினைத்துப் பார்த்தால் விளங்கும். 1560இல் யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்த போர்த்துக்கேயர், அந்த அரசை முழுதாக அடக்க முடியாமல் திரும்பும்போது மன்னாரை வைத்துக்கொண்டு கோட்டை கட்டினார்கள். தீவின் ஒரு முனையில் கோட்டை. மறுமுனையான தலைமன்னாருக்கு எதிரே மணல்திட்டுகளைத் தாண்டினால் இராமேசுவரக் கரை. முத்துக் குளிப்பு நடக்கும் கடல் பக்கத்திலேயே. காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த கடல் அது. 1538இல் வேதாளைக் கரையில் பட்டு மரைக்காரின் கப்பற்படை தோற்ற பிறகு அந்தக் கடலில் முஸ்லிம்களின் கை தளர்ந்தது. மன்னார்க் கோட்டை எழுந்த பின் இன்னும் தளர்ந்தது. கோட்டையைச் சுற்றிப் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய பரதவர்கள் இருந்தார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் இருந்தார்கள். சீதாவக்கைப் படை எட்ட முடியாத தூரம். ஓர் அரச வாரிசைப் பத்திரமாக வைத்துத் தங்கள் விருப்பப்படி வளர்த்தெடுக்க இதைவிட வசதியான இடம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

குழந்தை தோனா கத்தரீனா ஆனாள். யாமசிங்க பண்டார தொம் பிலிப்பே ஆனான். அவள் போர்த்துக்கேய மொழியில், போர்த்துக்கேய நடையுடையில், அவர்கள் மதத்தில் வளர்ந்தாள். தன் நாட்டைப் பற்றி நினைவு தெரிவதற்கு முன்பே அந்த நாட்டின் 'சட்டப்படியான வாரிசு' என்று காகிதத்தில் எழுதப்பட்டாள்.

1594

இதற்கிடையில் காட்சி மாறியது. வீரசுந்தர பண்டாரவை முதலாம் இராஜசிங்கன் கொன்றுவிட, அவனுடைய மகன் கோனப்பு பண்டார கொழும்புக்கு ஓடிப் போர்த்துக்கேயரிடம் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றான். 1590களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் தொம் பிலிப்பேயைக் கண்டி அரியணையில் ஏற்றினார்கள். படையோடு கோனப்பு பண்டாரவும் போனான். கொஞ்ச நாளில் தொம் பிலிப்பே இறந்தான். கோனப்புதான் நஞ்சு வைத்தான் என்பது போர்த்துக்கேயர் குற்றச்சாட்டு. தொம் பிலிப்பேயின் மகன் தொம் ஜோவான் பிற்பாடு போர்த்துக்கலுக்கே கொண்டுபோகப்பட்டான். 'கண்டி இளவரசர்' என்ற பட்டத்தோடு லிஸ்பனுக்கு அருகே தெல்யேராஸ் என்னும் இடத்தில் ஒரு துறவி மடம் கட்டிவைத்து, 1642இல் அங்கேயே இறந்தான். கண்டியில் தொடங்கிய ஒரு கிளை லிஸ்பனில் முடிந்தது.

இப்போது கரலியத்தேயின் நேரடி வாரிசு என்று சொல்ல மன்னாரில் இருந்த பெண் ஒருத்திதான். கண்டியோ கோனப்பு பண்டாரவின் கையில். 1594இல் தளபதி பேத்ரோ லோபேஸ் தெ சூசா பெரும் படையோடு வந்தான். மன்னாரிலிருந்து தோனா கத்தரீனா அழைத்துவரப்பட்டாள். செங்கடகல நகருக்குக் கொண்டுபோகப்பட்டு அரசி என்று அறிவிக்கப்பட்டாள். முதலில் சனங்கள் வரவேற்கத்தான் செய்தார்கள். சொந்த அரசனின் மகள் அல்லவா? ஆனால் அவளைப் பறங்கி ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் மனம் திரும்பியது. அவளைச் சுற்றி நின்ற காவல் வேறு. தன் சனங்களோடு அவளை ஒட்ட விடவில்லை. போர்த்துக்கேயருக்குத் துணையாக வந்த உள்நாட்டுத் தளபதி ஜயவீர பண்டார (இவன் அவளுடைய பாட்டன் அல்ல, அதே பெயருள்ள வேறொருவன்) மேல் சந்தேகம் வரும்படி கோனப்பு ஒரு கடிதத் தந்திரம் செய்தான். போர்த்துக்கேயர் அவனைக் கொன்றார்கள். அவனோடு வந்த படை கலைந்தது. பின்வாங்கிய போர்த்துக்கேயப் படை அந்த ஒக்டோபர் மாதம் தந்துறேயில் அழிந்தது. லோபேஸ் தெ சூசா மாண்டான். இளவரசி கோனப்பு பண்டாரவின் கையில் சேர்ந்தாள்.

வென்றவன் முதல் வேலையாக அவளை மணந்தான். பிறகுதான் அவன் முதலாம் விமலதர்மசூரியன். இவன் போரில் கெட்டிக்காரன், சனங்களின் ஆதரவும் இருந்தது. ஆனால் அரச இரத்தம் இல்லை. கண்டியைச் சீதாவக்கைக்குக் காட்டிக்கொடுத்தவனின் மகன் என்ற பெயர் வேறு. அந்தக் குறையை நிரப்ப வாளால் முடியாது. கரலியத்தேயின் மகளால் மட்டும்தான் முடியும்.

1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கனுக்கு அரசன் தன் அரசியையும் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டினான். அவர்கள் ஐரோப்பியப் பாணியில் உடுத்தியிருந்ததை அந்தப் பயணக் குறிப்பு பதிந்திருக்கிறது. மன்னாரில் பழகிய உடை மலையேறிய பிறகும் அவளை விடவில்லை. அடுத்த வருடம் மட்டக்களப்புப் பக்கத்தில் இன்னோர் ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வீர்ட் கொல்லப்பட்டான். குடிவெறியில் அரசியைப் பற்றி அவன் விட்ட ஒரு வார்த்தையே உடனடிக் காரணம் என்று ஒல்லாந்தரின் பதிவுகள் சொல்கின்றன. அரசியின் மானம் அரசின் மானமாக இருந்தது என்பதற்கு இது சாட்சி.

1604இல் விமலதர்மசூரியன் இறந்தான். துறவியாக இருந்து காவியைக் களைந்து வந்த அவனுடைய நெருங்கிய உறவினன் செனரத் அரியணைக்கு வந்தான். இவனும் அவளையே மணந்தான். அவளை மணக்காமல் அந்த ஆசனத்தில் உறுதியாக உட்கார முடியாது என்று செனரத்துக்கும் தெரிந்திருந்தது. 1613இல், முப்பத்தைந்து வயதளவில், தோனா கத்தரீனா இறந்தாள். பிள்ளைகளின் காப்பாளர்களாக நியமிக்கப்பட்டவர்களில் கண்டி அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒல்லாந்தன் பொஸ்கவரும் ஒருவன். கண்டிக்கு உதவிப்படை தேடி அவன் ஐரோப்பாவுக்குப் போனான். ஒல்லாந்தரிடம் காரியம் ஆகாததால் டென்மார்க் மன்னனிடம் போனான். அப்படிக் கிளம்பிய டேனிஷ் கப்பல்கள்தான் 1620இல் இலங்கைக்கு வந்து, இங்கே கால் ஊன்ற முடியாமல், தரங்கம்பாடியில் போய்க் குடியேறின. பொஸ்கவர் வரும் வழியிலேயே கடலில் இறந்துவிட்டான்.

ஏடு எழுதியவர்களின் கண்

இவ்வளவையும் நாம் எங்கிருந்து அறிகிறோம்? மூன்று வகை ஏடுகளிலிருந்து. ஒவ்வொன்றும் அவளை ஒவ்வொரு தேவைக்காகப் பார்க்கிறது.

முதலாவது போர்த்துக்கேயர் எழுதியவை. அவற்றில் பெரியது கோவாவில் இருந்த இயேசு சபைத் துறவி கெய்ரோஸ் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதி முடித்த இலங்கை வெற்றி வரலாறு. போர்த்துக்கேயருக்கு அவள் ஒரு சட்ட ஆதாரம். ஆகவே அவளுடைய தந்தைவழியை அவர்கள் அழுத்தி அழுத்திச் சொல்வார்கள். கோனப்பு பண்டாரவை அபகரித்தவன், மதம் மாறிப் போனவன் என்பார்கள்.

இரண்டாவது ஒல்லாந்தர் எழுதியவை. பல்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் தோனா கத்தரீனாவின் வாழ்க்கை விரிவாக வருகிறது. இந்தப் பாதிரியார் 1658இல் ஒல்லாந்தப் படையோடு மன்னாருக்கு வந்தவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவள் வளர்ந்த ஊரைக் கண்ணால் கண்டவர். ஆனால் ஒல்லாந்தருக்கு வேண்டியது போர்த்துக்கேயரின் கொடுமைக்குச் சாட்சி. அதனால் அவர் எழுத்தில் அவள் இரங்கத்தக்க கைதி.

மூன்றாவது சிங்கள, பாளி மரபு. சூளவம்சத்தின் இந்தப் பகுதி 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி சிறீ இராஜசிங்கன் காலத்தில் ஒரு பௌத்த துறவியால் எழுதப்பட்டது. விமலதர்மசூரியன் புத்தரின் தந்தத்துக்கு மாளிகை கட்டியதும் சாசனத்தை வளர்த்ததும் அதற்கு முக்கியம். அரசி அதில் அரசனின் தேவி என்ற அளவில் வந்து போகிறாள். ஞானஸ்நானம் பெற்று மன்னாரில் வளர்ந்த கதைக்கு அங்கே இடமில்லை.

மூன்று ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் ஒரு மனுசியின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. ஒன்றை மட்டும் வாசித்தால் அந்த ஏட்டுக்காரனின் தேவைதான் தெரியும்.

பிள்ளைகள் யாருடையவர்கள்?

வழிமுறை ஆய்வில் சுவையான சிக்கல் இங்கேதான் வருகிறது. செனரத்துக்குப் பின் நாடு மூன்று இளவரசர்களுக்குப் பிரிந்தது. ஊவா குமாரசிங்கனுக்கு, மாத்தளை விஜயபாலனுக்கு, மலைநாட்டின் நடுப்பகுதி இராஜசிங்கனுக்கு. ஓலைகளில் எழுதித் தந்தத்தின் முன் வைத்துத் திருவுளச்சீட்டு எடுத்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. அதே நூல் முதல் இருவரையும் செனரத்தின் அண்ணன் பிள்ளைகளாகவும், இராஜசிங்கனைச் செனரத்தின் சொந்த மகனாகவும் காட்டுகிறது. வேறு வரலாறுகள் மூவரையுமே செனரத்தின் மக்களாகச் சொல்கின்றன.

இது சின்ன விசயம் இல்லை. அண்ணன் பிள்ளைகள் மூத்தவர்கள் என்றால் நடு இராச்சியம் இளையவனுக்குப் போனது எப்படி என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி நெருப்பாகவே எழுந்தது. விஜயபாலன் தம்பியோடு மோதித் தோற்றுப் போர்த்துக்கேயரிடம் போனான். கோவாவில் கிறிஸ்தவனாகி 1654இல் இறந்தான். தாய் எந்த ஆட்களிடம் வளர்ந்தாளோ, மகனும் கடைசியில் அந்த ஆட்களிடமே போய்ச் சேர்ந்தான்.

இப்போது வாசகர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தகப்பன் விமலதர்மசூரியனா செனரத்தா என்று நூல்கள் முரண்படுகின்றன. ஆனால் அந்த இருவரின் உரிமையும் எந்த இடத்தில் வந்து சேர்கிறது? கரலியத்தேயின் மகளிடம். தந்தைப் பெயரை மட்டும் கொண்டு வம்ச மரம் வரைந்தால் கரலியத்தேயோடு ஒரு மரம் முடிகிறது, விமலதர்மசூரியனோடு வேறொரு மரம் தொடங்குகிறது, நடுவில் பள்ளம். பாடப்புத்தக அட்டவணையில் அந்தப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. பள்ளத்துக்கு மேலே பாலமாக இருந்தவள் மன்னாரில் வளர்ந்த அந்தப் பெண். இந்தக் கட்டுரை சொல்ல வந்த விசயமும் அதுதான்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. இங்கிலாந்தில் 1530 முதல் 1688 வரை அரச கட்டியக்காரர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய், குலச்சின்னம் தரிக்கும் குடும்பங்களின் வழிமுறையைக் கேட்டு ஏட்டில் பதிந்தார்கள். அந்த நாட்டில் 1553இல் பதின்வயதுப் பெண் ஜேன் கிரேயை அரியணையில் ஏற்றினார்கள். அவளுடைய உரிமை தாய் பிரான்சிஸ் வழியாக, தாயின் தாய் மேரி வழியாக ஏழாம் ஹென்றிக்குப் போய்ச் சேர்கிறது. ஏற்றியவர்கள் ஆண்கள், தங்கள் வீட்டுப் பையனுக்கே முதலில் அவளைக் கட்டியும் வைத்தார்கள். ஒன்பது நாளில் ஆட்டம் முடிந்தது. அடுத்த வருடம் அவள் தலை போனது. நாற்பது வருடம் கழித்துக் கண்டியில் நடந்ததும் இதே மாதிரி விளையாட்டுத்தான். கத்தரீனா உயிர் தப்பினாள் என்பது ஒன்றே வித்தியாசம்.

1626: நம் முன்னோர் வந்து சேரும் இடம்

கத்தரீனா இறந்து பதின்மூன்று வருடம் கழித்து, 1626இல், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கோட்டேப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். துறைமுகங்களில் வியாபாரம் செய்தவர்கள், தோட்டம் துரவு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்படி வந்தவர்களைக் கண்டி இராச்சியத்துக்குள் ஏற்றவன் செனரத். சுமார் 4,000 பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று கெய்ரோஸ் எழுதுகிறார். போர்த்துக்கேயரின் சொந்த வரலாற்றாசிரியரே தருகிற வாக்குமூலம் இது.

செனரத் இதைச் சும்மா இரக்கத்தில் மட்டும் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கிழக்குக் கரையைப் போர்த்துக்கேயர் பிடித்துவிடாமல் காக்க அவனுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்; உப்பும் புடைவையும் மலைக்கு வந்து சேர வியாபாரிகள் தேவைப்பட்டார்கள். நம் ஆட்களுக்கோ தலைசாய்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. இரண்டு தேவையும் சந்தித்தன. கிழக்கில் அதற்கு முன்பே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. '1626இல்தான் வந்தார்கள்' என்று சிலர் சொல்வது போல அதை ஒரு சமூகத்தின் பிறந்தநாளாக்குவது பிழை.

அந்தச் செனரத்தின் ஆசனம் யார் வழியாக வந்தது என்று மேலே பார்த்தோம். அவனுடைய வாரிசு இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்து, இருபது வருடப் போரில் போர்த்துக்கேயரை ஒழித்தான். 1658 பெப்ரவரியில் மன்னார்க் கோட்டை விழுந்தது. கத்தரீனாவைச் சிறுபிள்ளையாக வைத்து வளர்த்தவர்களின் கொடி அவளுடைய குடும்பத்தின் கூட்டாளிகளாலேயே இறக்கப்பட்டது. ஆனால் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அதைக் கண்டிக்குக் கொடுக்கவில்லை, தாங்களே வைத்துக்கொண்டார்கள். இராஜசிங்கனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

நம் வழிமுறையும் நம் தாய்மாரும்

நசபைக் காப்பது நம் மார்க்கத்தில் பெரிய விசயம். பிள்ளை தகப்பன் பெயரால் அழைக்கப்பட வேண்டும். வழிமுறை அறிவதற்கு அரபியில் 'இல்முல் அன்ஸாப்' என்று ஒரு தனிக் கலையே வளர்ந்தது. ஆனால் அந்தக் கலையை வளர்த்தவர்கள் தாயை மறைத்தவர்கள் அல்லர். தகப்பன் இல்லாமல் பிறந்த நபியைக் குர்ஆன் மர்யமின் மகன் ஈஸா என்றே அழைக்கிறது. பார்வையற்ற அந்தத் தோழர் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை உலகம் இன்றைக்கும் 'இப்னு உம்மி மக்தூம்' என்று தாய் பெயரால்தான் அறிகிறது. அலீ (ரலி) அவர்களின் ஒரு மகன் தாயின் கோத்திரத்தால் 'இப்னுல் ஹனஃபிய்யா' எனப்பட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றல் என்று உலகத்தில் யார் சொன்னாலும் அந்த வழி பாத்திமா (ரலி) என்ற ஒரு பெண்மணியின் வழியாகத்தான் வர வேண்டும். வேறு வழியே கிடையாது. சையத் குடும்பங்களின் ஷஜராவில் அந்தப் பெயரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கிழக்கிலங்கை முஸ்லிம்கள் இதை வாழ்ந்து காட்டியவர்கள். அங்கே 'குடி' என்பது தாய்வழி வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிக்கு ஒருவர் என்று தெரிவு செய்த ஊர்கள் உண்டு. வரிசைநாச்சி குடி என்று ஒரு குடியின் பெயரே பெண் பெயராக இருக்கிறது. முக்குவக் குடும்பங்களில் பெண் எடுத்து வந்த உறவு இது என்று வாய்மொழி வரலாறு சொல்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாமலே, உம்மாவிடமிருந்து மகளுக்கு என்று பல தலைமுறையை அந்த மக்கள் நினைவில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மன்னார்க் கரையில் நம் நிலைமை வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது, இந்தத் தீவின் நம் சனங்கள் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். கையில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். நிக்காஹ் பதிவேடு, காணி உறுதி, பழைய கடிதம், பள்ளிக் கணக்குப் புத்தகம் எல்லாம் அவரவர் விட்ட இடத்தில் கிடந்தன. திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குச் சுவரே இல்லை; ஏடு எங்கே இருக்கும்? இன்று மீள்குடியேற்றத்துக்கு, காணிக்கு, பதிவுக்கு என்று கந்தோருக்குப் போகிறவனிடம் 'உங்கட ஆக்கள் எப்ப இருந்து இங்க?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வழிமுறை தேவைப்படுகிறது. அரசிக்கு மட்டும்தான் வம்ச மரம் என்றில்லை. அரைப் பரப்புக் காணிக்கும் வம்ச மரம் தேவை.

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்த்திருக்கிறேன். தெரிந்த வரைக்கும் முன்னோர் பெயரை எழுதிக்கொண்டு வாங்கோ என்பேன். வாப்பா, வாப்பாட வாப்பா, அவருட வாப்பா என்று நாலு பெயர் வரைக்கும் எழுதிவிடுவார்கள். பெண் பெயர் எங்கேயென்று கேட்டால் 'உம்மாட உம்மாவ உம்மம்மா எண்டுதான் சேர் கூப்பிடுறது' என்று சிரிப்பார்கள். உறவுமுறைதான் தெரியும், பெயர் தெரியாது. ஆனால் அந்த உம்மம்மாவுக்குத்தான் எந்தக் காணி யாருடையது, எந்த வருசம் எந்தப் பஞ்சம், யார் யாருக்கு யார் முறை, எந்தக் கரையிலிருந்து யார் தோணியில் வந்து இறங்கினார் என்பதெல்லாம் தெரியும்.

தோனா கத்தரீனாவின் வழிமுறை ஏட்டில் ஏறியது அவள் மேல் யாருக்கும் இருந்த அன்பினால் இல்லை. அவளை வைத்து அரசு பிடிக்க நினைத்தவர்களுக்கு அந்த வழிமுறை தேவைப்பட்டது, எழுதினார்கள். நம் உம்மம்மாமாரின் வழிமுறை எந்தத் தளபதிக்கும் தேவைப்படவில்லை, எவனும் எழுதவில்லை. இனியும் வெளியாள் எவனும் வந்து எழுதப்போவதில்லை. அந்த வேலை நம்முடையது.

எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமன்னாரிலும் எண்பது வயதைத் தாண்டிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று இல்லை. ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, உங்களுடைய உம்மாவின் பெயர் என்ன, அவருடைய உம்மாவின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர், மஹர் என்ன கொடுத்தது, நிக்காஹ் எந்தப் பள்ளியில் நடந்தது என்று கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். அதே கேள்வியை இன்னொரு வீட்டிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். கத்தரீனாவின் பிள்ளைகள் விசயத்தில் நூல்கள் முரண்பட்டதால்தான் உண்மையைத் தேட ஒரு வழி பிறந்தது. வாப்பா வழியை எழுதுகிற அதே தாளில், அதே அளவு எழுத்தில், உம்மா வழியையும் எழுதுங்கள். பெயரை முழுப் பெயராகவே எழுதுங்கள்.